அடுப்பில் உருகிய ஜப்பானியக் கிண்ணம்

ஒரு ஹோட்டலுக்காக ஜப்பானிய முறையில் வார்த்த வெள்ளீயக் கிண்ணங்களை வடிவமைத்துக் கொடுத்திருந்தேன். இரண்டாவது வாரமே சமையலறையிலிருந்து அழைப்பு. போய்ப் பார்த்தால், பாயசம் ஆறாமல் இருக்கட்டும் என்று வெறும் கிண்ணத்தை அடுப்பில் வைத்துச் சூடாக்கியிருக்கிறார்கள். பர்னரைச் சுற்றி வெள்ளிக் குழம்பு உறைந்து கிடந்தது. ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீட்டில் வளர்ந்தவர் இதைச் செய்திருக்கமாட்டார்தான். ஆனாலும் முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். செம்புக்கு 1,085 வேண்டும்.

ஜப்பானின் டொயாமா மாகாணத்துத் தகாவோகா உலோக வார்ப்புக்குப் பேர்போன ஊர். 1611இல் மாயேதா தொஷினாகா என்ற பிரபு ஏழு வார்ப்புக் கலைஞர்களை அங்கே குடியமர்த்தினார். அதே ஊரில் 1916இல் தொடங்கிய நோசாகு பட்டறை பூசைப் பொருள்களும் பூச்சாடிகளும் வார்த்துவந்தது. வெள்ளீயப் பாத்திரங்களுக்கு வந்தது இந்த நூற்றாண்டில்தான். வழக்கமாக உறுதிக்காக வேறு உலோகம் சிறிது சேர்ப்பார்கள். இவர்கள் சேர்ப்பதில்லை. அதனால் கையாலேயே வளைகிறது. அந்தக் குறையையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்: தட்டையான வலையாக வார்த்துக் கொடுக்கிறார்கள், வாங்குபவர் இழுத்து வளைத்துப் பழக்கூடையாக்கிக்கொள்கிறார். வளைக்கும்போது காதருகே பிடித்தால் மெல்லிய நறநறப்புக் கேட்கும். உள்ளேயிருக்கும் படிகங்கள் உருக்குலையும் ஓசை அது.

கூடைக்குச் சரி, தட்டுக்கு? நான் முதலில் வரைந்த தட்டின் விளிம்பு வெற்றிலைபோல மெல்லியது. பரிமாறுபவர் ஒரு கையால் தூக்கியதும் மடங்கிவிட்டது. விளிம்பைத் தடிப்பாக்கினேன். எடை கூடியது, விருந்தினருக்கு அந்தக் கனம்தான் பிடித்திருந்தது. மணல் அச்சு விட்டுச்சென்ற சொரசொரப்பை மெருகேற்றி அழிக்கச் சொன்னவர்களும் உண்டு. மறுத்துவிட்டேன். கரண்டிக் கீறல் அதில்தான் மறையும்.

மைக்ரோவேவ், ஓவன் இரண்டும் கூடாது. குளிர்பானத்துக்கு இதைவிட நல்ல கோப்பை கிடையாது. சில நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலே ஜில்லென்று ஆகிவிடும்.

வாங்கும்போது ‘ஈயம்’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு, காரீயம் நஞ்சு. சிறிதளவு கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தூய்மைச் சான்று கேளுங்கள். தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி வகையிலேயே இதையும் சோதிக்கலாம்.

ஹோட்டலில் உறைந்த அந்தக் கட்டி இப்போது என் மேசையில் காகிதங்களின்மேல் உட்கார்ந்திருக்கிறது. புதிதாக ஆர்டர் கொடுக்க வருபவர் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன்.