ரோஜாவா, மாம்பழமா, வார்ப்பிரும்பா: சின்ன சரக்கு விமானம் நிறைவது எப்படி?

ஏடிஆர் 72-600 சரக்கு விமானம் ஏறத்தாழ 9 டன் தூக்கும். உள்ளே சுமார் 75 கன மீட்டர் இடம். இரண்டில் எது முதலில் தீரும் என்பது சரக்கைப் பொறுத்தது. கிருஷ்ணகிரி மாவட்டச் சரக்கை வைத்தே கணக்குப் போடலாம்.

ஓசூர், தளி, பாகலூர்ப் பக்கத்து ரோஜா லாரியில் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போய் அங்கே விமானம் ஏறுகிறது. 100×40×30 செ.மீ. அட்டைப்பெட்டி ஒன்று 12 கிலோ என்று கொள்வோம். நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் 20: அடைக்கும் இடத்தை வைத்துப் போடும் எடை இது. தராசு எடையைவிட இது அதிகம் என்பதால் கட்டணம் இந்த 20 கிலோவுக்குத்தான். வளைந்த சுவரோரம் வீணாவதைக் கழித்து 60 கன மீட்டர் தேறினால் 500 பெட்டி. தராசில் 6 டன், ரசீதில் 10 டன். இன்னும் 3 டன் தூக்கலாம், வைக்க இடமில்லை.

காவேரிப்பட்டணத்து மாம்பழம் நேர்மாறு. 40×30×20 செ.மீ. பெட்டியில் 10 கிலோ. 900 பெட்டியில் 9 டன் முடிந்துவிடும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடம் காலியாகவே கிடக்கும்.

ஓசூர் வார்ப்பிரும்பு உதிரிபாகத்தில் இடிப்பது மூன்றாவது வரம்பு: தரையின் தாங்குதிறன். தளம் சதுர மீட்டருக்கு 400 கிலோ தாங்கும் என்று கொண்டால், அரை மீட்டர் சதுரத்தில் நிற்கும் 300 கிலோ பெட்டி அதைப் போல மூன்று மடங்கு அழுத்தும். அடியில் கெட்டியான பலகை போட்டு, சுமையை முக்கால் சதுர மீட்டருக்காவது பரப்ப வேண்டும்.

அடுத்தது சமநிலை. பெரிய சரக்குக் கதவு முன்பக்கம் இருப்பதால் முதலில் பின்பகுதிதான் நிறையும். வாலுக்கு முட்டு கொடுக்காவிட்டால் மூக்குச் சக்கரம் தரையை விட்டு எழுந்துவிடும். பறக்கும்போது பின்கனம் அதிகமானால் விமானம் நிலைகொள்ளாமல் தள்ளாடும். முன்கனம் அதிகமானால் ஓடுபாதையில் மூக்கைத் தூக்கவே வராது. அதனால் ஒவ்வொரு பகுதியின் எடையும் லோடு ஷீட் எனும் சுமைக் கணக்குத் தாளில் தனித்தனியே ஏறும். அனுப்புபவர் எழுதித் தரும் எடையை அப்படியே நம்புவது மிக ஆபத்தான சோம்பல். மறுஎடை போட்டே ஆக வேண்டும்.

வெயிலும் எடையைத் தின்னும். ஓசூரும் தேவனஹள்ளியும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். 35 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி 1,800 மீட்டர் உயரக் காற்றுக்குச் சமமாகிவிடும். காற்று மெலிந்தால் இறக்கைக்கும் இன்ஜினுக்கும் வலு குறையும். ஓடுபாதை எவ்வளவு நீளமானாலும், ஒரு இன்ஜின் நின்றால் மற்றதைக் கொண்டே மேலேறியாக வேண்டும். அதற்காகச் சரக்கையோ எரிபொருளையோ குறைக்க நேரலாம். இரவில் பறந்தால் இந்தத் தொல்லை குறைவு.

ரோஜாவுக்கும் இரவே நல்லது. 2 முதல் 4 டிகிரியில் குளிர்ந்த பெட்டி வெயிலில் நின்றால் இதழில் நீர் கோத்து, பூஞ்சை பிடிக்கும். மாம்பழத்தோடு ஒரே அறையில் ஏற்றவும் கூடாது: பழுக்கும்போது வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைத்து, இதழை உதிர்த்துவிடும்.