பாக்குவெட்டியும் பந்தய சைக்கிளும்

எண்டியூரோ என்னும் மலை சைக்கிள் பந்தயத்தில் கடிகாரம் இறக்கத்தில் மட்டுமே ஓடும். ஏற்றத்தைப் பெரும்பாலும் வீரர் மிதித்தே கடக்க வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு. ஆனால் எடுத்துக்கொண்ட நேரம் கணக்கில் சேராது. 2013-இல் இத்தாலியின் புன்டா ஆலாவில் இதற்கான உலகத் தொடர் தொடங்கியது. 2023 முதல் அது உலகக் கோப்பையாக நடக்கிறது. இப்படிப்பட்ட பந்தயத்துக்கு ஏறும்போது ஆடாகவும் இறங்கும்போது எருமையாகவும் இருக்கக்கூடிய வண்டி வேண்டும். உதிரி பாகங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அதைக் கட்டுகிறவர்கள் முதலில் பார்ப்பது விலைப்பட்டியலை. பார்க்க வேண்டியதோ எடைக் கருவியை.

நான் கட்டிய முதல் வண்டியில் அந்தத் தவற்றைத்தான் செய்தேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று நல்ல காயில் ஷாக் ஒன்றை, அதாவது உலோகச் சுருள் ஸ்பிரிங் கொண்ட பின்பக்க அதிர்வுதாங்கியை, வாங்கிப் பொருத்தினேன். அதன் ஸ்பிரிங்கில் 500 என்று எழுதியிருந்தது. எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். முதல் கல்பாதையிலேயே பின்சக்கரம் தரையில் நிற்காமல் துள்ளியது. தலைக்கவசம், பை எல்லாம் சேர்த்து என் எடை 70 கிலோ. அந்த ஸ்பிரிங் என்னைவிட மிகவும் கனமான ஒருவருக்கு உரியது.

ஏன் என்று புரிய ஒரு பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீல் ஒரு முனையில், கைபிடி மறுமுனையில், பாக்கு நடுவே கீலுக்கு அருகில். கை கொடுக்கும் விசை சிறிது. பாக்கின்மேல் விழுவது பல மடங்கு. பின்பக்க சஸ்பென்ஷனும் இதேதான். கீல் பெடல் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சக்கரம் கைபிடியின் இடத்தில். ஷாக் பாக்கின் இடத்தில். சக்கரம் 170 மில்லிமீட்டர் மேலெழும்போது ஷாக் 65 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது. ஆக, நெம்பு விகிதம் சராசரியாக 2.6. தொடக்கத்தில் இது சற்று அதிகமாகவும் முடிவில் குறைவாகவும் இருக்கும்படி ஃபிரேமை வடிவமைப்பார்கள். சிறு கற்களுக்கு இளகிக் கொடுத்து, பெரிய குதிப்புக்கு இறுகி நிற்பது அதனால்தான்.

பெடலில் எழுந்து நிற்கும்போது 70 கிலோவில் ஏறத்தாழ 45 கிலோ பின்சக்கரத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்க விகிதத்தை 2.7 என்று கொண்டால் ஷாக் தாங்குவது 120 கிலோவுக்கும் சற்று மேல். இனி ஒரு நடைமுறை விதி: வீரர் வண்டிமேல் சும்மா நிற்கும்போதே ஷாக் தான் அமுங்கக்கூடிய நீளத்தில் சுமார் 30 விழுக்காடு அமிழ்ந்திருக்க வேண்டும். சைக்கிள்காரர்கள் இதை ‘சேக்’ (sag) என்பார்கள். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட இந்த இருப்பு தேவை. 65-இல் 30 விழுக்காடு 19.5 மில்லிமீட்டர். அவ்வளவு அமிழ, ஓர் அங்குலம் அமுங்க 350 பவுண்டு சுமை கேட்கும் ஸ்பிரிங் போதும். என்னிடம் இருந்த 500 ஸ்பிரிங் 14 மில்லிமீட்டர்கூட அமிழவில்லை. நீட்ட இடமில்லாத சக்கரம் துள்ளாமல் என்ன செய்யும்?

ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த காற்று தாங்கும் காற்று ஷாக் வாங்கியிருந்தால் கையடக்கப் பம்பினால் இதைச் சரிசெய்திருக்கலாம். காற்றுக்கு வேறொரு குணமும் உண்டு. சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். முதல் பாதி எளிது, கடைசி இரண்டு விரற்கடை அசையாது. கொள்ளளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்ற பாயில் விதிதான். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் காற்றறைக்குள் சிறு பிளாஸ்டிக் வில்லைகளைப் போட்டு இடத்தைக் குறைத்தால் அந்தக் கடைசிப் பகுதி இன்னும் இறுகும். தொடக்கத்து மென்மை ஏறத்தாழ அப்படியே இருக்கும். சின்னஞ்சிறு வில்லை செய்யும் இந்த வேலையை எந்த விலையுயர்ந்த பாகமும் செய்வதில்லை என்பது என் கட்சி.

ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தந்துவிடும். அதை அப்படியே விட்டால் வண்டி குதிரைபோல் உதைக்கும். ஷாக்குக்குள் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுங்கச் செய்து அந்த ஆற்றலை வெப்பமாக்குகிறார்கள். திருகுகளில் ‘குறைவேகம்’, ‘மிகுவேகம்’ என்று குறித்திருப்பது வண்டியின் வேகத்தை அல்ல, ஷாக் தண்டு அமுங்கும் வேகத்தை. பெடல் மிதிப்பில் வண்டி ஊசலாடுவது குறைவேகம். நடைவேகத்தில் போனாலும் கூர்விளிம்புக் கல்லில் மோதுவது மிகுவேகம். திரும்பி நீள்வதை ஆளும் திருகை மிகவும் இறுக்கினால் இன்னொரு வம்பு வரும். வரிசையாக வேர்கள் குறுக்கிட்டால், ஒன்றில் அமுங்கிய ஷாக் மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒவ்வொரு வேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, முடிவில் சஸ்பென்ஷனே இல்லாத வண்டியாகிவிடும். சமதளத்தில் அழுத்திப் பார்த்தால் இது தெரியாது.

இறக்கத்தின் பெரும்பகுதி ஆற்றலைத் தின்பது பிரேக். 15 கிலோ வண்டியோடு சேர்த்து மொத்தம் 85 கிலோ, 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 417 கிலோஜூல். அறைவெப்பத் தண்ணீர் 1.4 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது போக மீதி, இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகளில் இறங்குகிறது. 200 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள தட்டுகளைப் போடுவது அழகுக்காக அல்ல.

ஃபோர்க்கின் சாய்வும் கணக்குதான். திருப்பு அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கு எவ்வளவு பின்னால் டயர் தரையைத் தொடுகிறது என்பதே நிலைத்தன்மையின் ஒரு முக்கிய அளவு. சாலைப் பந்தய சைக்கிளில் அது 55 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தரையோடு 64 பாகைச் சாய்வும் 29 அங்குலச் சக்கரமும் உள்ள எண்டியூரோ வண்டியில் ஏறத்தாழ 130. கற்களுக்கிடையே ஹேண்டில்பார் கையை மீறித் திரும்பாமல் இருக்க அது உதவுகிறது. மெதுவாக ஏறும்போது அதே குணம் முன்சக்கரத்தை இருபுறமும் சாயவைத்துத் தொல்லை தரும். அதற்கு மாற்றாக சீட் குழாயை 77 பாகை அளவுக்கு நிமிர்த்தி, உடலை முன்னே தள்ளுகிறார்கள். கியரில் சொல்ல அதிகமில்லை: முன்னே 32 பல், பின்னே 52 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 1.4 மீட்டர் நகரும். செங்குத்து ஏற்றத்துக்கு அது போதும்.

எல்லாம் பூட்டியபின் கடைசிச் சோதனைக்கு ஷாக் தண்டில் இருக்கும் ரப்பர் வளையம் ஒன்றே போதும். அதை ஷாக் உடலோடு ஒட்டும்படி தள்ளிவிட்டு, முழுச் சுமையோடு ஏறி நின்று, குலுங்காமல் இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளக்க வேண்டும். 19, 20 மில்லிமீட்டரில் நின்றால் ஸ்பிரிங் சரி. பிறகு மீண்டும் தள்ளிவிட்டுத் தெரிந்த பாதைகளிலேயே மிகக் கடினமானதில் இறங்க வேண்டும். கீழே வந்து பார்க்கையில் வளையம் முனைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். என் வண்டியில் 350 ஸ்பிரிங் மாற்றிய அன்றுதான் அது முதன்முறையாக அங்கே போய் நின்றது.