லயம்: சொல்லும் குடியிருப்பும்

இலங்கை மலையகத் தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புக்கு லயம் என்று பெயர். லயன் என்றும் சொல்வார்கள். அதில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது லயக்காம்பரா. பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, அதன் முன்னால் இஸ்தோப்பு என்னும் சிறு தாழ்வாரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்பக்கம் ஜன்னல் வைக்கவும் வழியில்லை.

இசையில் வரும் லயம் வடசொல்; அதற்கும் இதற்கும் உறவில்லை. ஆங்கிலேயத் துரைமார் சொன்ன 'லைன்'தான் தோட்டத்து நாவில் லயமானது. படையாட்களின் குடியிருப்பையும் குதிரைகள் கட்டும் வரிசையையும் அவர்கள் அந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். அதையே தொழிலாளருக்கும் வைத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. காம்பரா போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, இஸ்தோப்பு ஒல்லாந்தரிடமிருந்து. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தின் பிரட்டு, 'பரேட்'. இலங்கையை ஆண்ட மூவரின் மொழியும் நம் வீட்டு வாசலில் கிடக்கிறது.

நல்ல தமிழில் வரிசைவீடு, தொடர்குடியிருப்பு எனலாம். கட்டட அமைப்பை மட்டும் சொல்ல இவை போதும். ஆனால் தோட்டத்து வேலையோடு கட்டுண்ட குடியிருப்பு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் சொந்தமாகாத காணி, இவற்றை அந்தச் சொற்கள் சொல்வதில்லை. வரலாறு பேசும் இடத்தில் லயம் என்றே எழுதுவதுதான் சரி என்பது என் துணிபு.

லயத்தில் இனி யாரும் வாழும் நிலை இருக்கக் கூடாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடிய பிறகு இதில் வாதமே கிடையாது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்பது தாமதமாக வந்த நியாயம். ஆனால் புதிய குடியிருப்புக்கு வரைபடம் போடும்போது, பழைய லயம் வெறும் இடிபாடாகவே கணக்கில் வருகிறது. சட்டமும் கைகொடுப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களையே புராதனச் சின்னமாகக் கொள்கிறது. அது கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள். கோப்பித் தோட்டங்களும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலையும் அதற்குப் பின் வந்தவை. ஆக, நம் மக்கள் கட்டிய எதுவும் தானாகப் புராதனச் சின்னம் ஆகாது. தனியாகக் கேட்டுப் பாதுகாப்புப் பெற வேண்டும்.

வழி இல்லாமலில்லை. கம்பளைப் பக்கம் பழைய லயம் ஒன்றே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாகியிருக்கிறது. எல்லா லயத்தையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. சரிவு அபாயம் இல்லாத இடத்தில் தோட்டத்துக்கு ஒன்று போதும். அதைத் தனியே நிறுத்தாமல் தண்ணீர் பிடிக்கும் பீலி, கொழுந்து நிறுக்கும் மடுவம், பிரட்டுக்களம், மாரியம்மன் கோயில் எல்லாவற்றோடும் சேர்த்து வைத்தால்தான் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வாழ்க்கை விளங்கும். வாசிகசாலையாகவோ முன்பள்ளியாகவோ அது பயன்படலாம். எந்த லயம் நிற்க வேண்டும் என்பதை அதில் பிறந்து வளர்ந்தவர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும், அதுவும் காணி அளக்க வரும் முன்பே. அளந்து கல் நாட்டிய பின் கேட்டால் இடம் மிஞ்சாது.