திக்கல்: சொல்லும் பொருளும்

திக்கு என்பது வினைச்சொல்லாக வரும்போது, பேச்சு தடைபட்டு நிற்பதைக் குறிக்கும். திக்கல், திக்குவாய், திக்கித் திணறுவது எல்லாம் அதில் பிறந்தவை. திசையைக் குறிக்கும் திக்கு வடமொழி வழி வந்தது, அது வேறு. அகராதிகளில் கொன்னல், தெற்றுவாய் என்றும் உண்டு. மலையாளத்தில் இதை விக்கு என்பார்கள். நமக்கு விக்கல் என்றால் தண்ணீர் குடித்தால் நிற்பது. கோலாலம்பூரில் வீட்டில் திக்குவாய், வெளியே மலாயில் காகாப்.

திக்குவாய் என்ற சொல்லைக் கைவிட வேண்டும் என்பேன். அது பிள்ளைக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்கிறது. அதோடு, வாயில்தான் கோளாறு என்று நினைக்க வைக்கிறது. அதனால்தான் நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள். உண்மையில் வாயிலும் நாக்கிலும் குறையே இல்லை. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகள் வேலை செய்யும் விதத்தில்தான் வேறுபாடு; பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆகவே திக்கல் என்ற சொல்லே போதும். 'அ-அ-அம்மா' என்று திரும்ப வருவதும், 'ஸ்ஸ்ஸ்கூல்' என்று நீள்வதும், வாய் திறந்தும் சத்தமே வராமல் அடைத்துக்கொள்வதும் அதில் அடங்கும்.

சரி, பதற்றம்? "பயந்த சுபாவம், அதான் திக்குறான்" என்று உறவினர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், வாக்கியம் சேர்த்துப் பேசும் பருவத்தில் தொடங்குகிறது. பதற்றம் அதைக் கூட்டும், ஆனால் உண்டாக்குவதில்லை. பல பிள்ளைகளுக்குப் பயம் பிறகுதான் வருகிறது, அதுவும் பள்ளிக்கூடத்தில். முதலாம் ஆண்டுப் பிள்ளை கேண்டீனில் நாசி லெமாக் கேட்க வாயெடுக்கிறான். 'நா... நா...' என்று நிற்கிறது. பின்னால் வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். மீ கோரெங்கைக் கைகாட்டி வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். மற்ற சொற்களை இப்படி மாற்றிச் சமாளிக்கலாம், ஆனால் சொந்தப் பெயரை மாற்ற முடியாதே! வகுப்பில் பெயர் சொல்லச் சொன்னால் நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான்.

பெரியவர்களின் குறைகூறலே அந்தப் பயத்தை வளர்க்கும். 1939-இல் அமெரிக்காவின் அயோவாவில், நன்றாகப் பேசிய அநாதைப் பிள்ளைகள் சிலரிடம் 'உனக்குப் பேச்சு சரியில்லை' என்று சொல்லிச் சோதித்தார்கள். அவர்கள் திக்குபவர்களாக மாறிவிடவில்லை. ஆனால் பேசவே கூசினார்கள். கொடுமையான சோதனை அது.

திக்கும் சிறு பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைந்துவிடுகிறது. அதற்காக "நிதானமாப் பேசு" என்று விரட்டவோ, அவன் சொல்ல வந்ததை நாமே முடித்து வைக்கவோ வேண்டாம். முகத்தைப் பார்த்து, முடிக்கும்வரை காத்திருங்கள். 6 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, வீட்டில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ தள்ளிப்போட வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் சொன்னால், பேச்சுச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டு வாங்கலாம். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது.