ரைமிங் வேர்ட்ஸ் வீட்டுப்பாடத்தை யார் எழுதுகிறார்கள்?

யூ.கே.ஜி. நோட்டில் ‘லைட்’ என்று ஒரு சொல்லைக் கொடுத்து, அதைப் போலவே ஒலித்து முடியும் ஐந்து சொற்களை எழுதி வரச் சொல்கிறார்கள். பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் அம்மா கைபேசியில் தேடுகிறார். பட்டியல் வருகிறது, குழந்தை பார்த்து எழுதுகிறது, மறுநாள் நோட்டில் ஸ்டார் விழுகிறது. திருப்பூரில் செவித்திறன் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் செய்கிற எனக்கு அந்த ஸ்டாரின் மேல்தான் கோபம். அந்த ஒலி ஒற்றுமை குழந்தையின் காதில் விழுகிறதா என்று பார்க்கக் கிடைத்த நல்ல வாய்ப்பை அது மூடிவிடுகிறது.

இது சின்ன விஷயமல்ல. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 1983இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இன்னும் படிக்கத் தொடங்காத, நான்கு, ஐந்து வயதுள்ள 400க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சில சொற்களைச் சொல்லி, ஒலியில் ஒட்டாத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அதில் தடுமாறாத குழந்தைகளே சில ஆண்டுகள் கழித்து வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னால் நின்றார்கள். ஒலியைப் பிரித்துக் கேட்கும் பயிற்சியை எழுத்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் இன்னும் கூடியது.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்ச் செய்யுளில் எதுகைக்கு முதல் எழுத்தின் அளவும் (குறிலா நெடிலா என்பது) இரண்டாம் எழுத்தும் ஒத்து வந்தால் போதும், முதல் எழுத்தின் உயிர் மாறலாம்; கல்லுக்கு நெல் பொருந்தும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த தாத்தா ‘பெல்’லுக்குப் ‘பில்’ என்று சொல்லிக் கொடுப்பார். அவர் காதில் பழுதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் கடைசி உயிரொலியிலிருந்து சொல்லின் முடிவுவரை எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும். ‘பெல்’லுக்கு ‘வெல்’, ‘செல்’, ‘டெல்’ சரி; ‘பில்’ சேராது. அடிகளின் முடிவு ஒலி ஒத்து வரும் நம்முடைய இயைபுத் தொடைக்குத்தான் இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

அடுத்தது, ஆங்கிலச் சொல்லின் தலைமேல் தமிழில் உச்சரிப்பை எழுதி வைக்கும் பழக்கம். பெற்றோர் அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் பூனைக்கும் வாசற்கதவுக்கும் ஒரே ‘கேட்’டை எழுதினால் குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். முதலில் வருவது வாயை அகலத் திறந்து சொல்லும் குறில், பின்னது வேறு உயிரொலி. ‘லைட்டு’, ‘சைடு’ என்று பேச்சில் உகரம் சேர்த்து இழுப்பதும் இப்படித்தான். ‘லைட்’டுக்கு ‘கைட்’ பொருந்துவதும் ‘சைடு’ பொருந்தாததும் அந்த இழுப்பில் மங்கிப்போகும்.

ஸ்பெல்லிங்கை நம்பவே வேண்டாம். ‘கம்’, ‘ஹோம்’ இரண்டுக்கும் கடைசி மூன்று எழுத்துகள் ஒன்றே, ஒலி வேறு. ‘லைட்’, ‘கைட்’, ‘ஹைட்’ மூன்றையும் மூன்று விதமாக எழுதுகிறார்கள், ஒலி ஒன்றே. இணையத் தேடலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அப்படித் தேடித் தரும் கருவிகள் பலவற்றுக்குப் பின்னால் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி இருக்கிறது. அதில் 1,34,000க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. உச்சரிப்பு மட்டும் வட அமெரிக்காவுடையது. நாம் ‘பார்க்’கோடு சேர்க்கும் ‘கிளார்க்’கை அது ‘வொர்க்’கோடு சேர்க்கும். ‘மன்த்’ போன்ற சொற்களுக்குச் சரியான ஜோடி வழக்கில் இல்லவே இல்லை. அதையும் வீட்டுப்பாடமாகக் கொடுப்பவர்களை என்ன சொல்வது!

ஜோடி தேடும் வழி எளிது, பேனாவும் தேவையில்லை. சொல்லின் முதல் மெய்யொலியைக் கழற்றிவிட்டு வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘லைட்’டில் மிஞ்சுவது ‘ஐட்’. அதன் முன்னால் ஒவ்வொரு மெய்யாக வைத்துச் சொல்லிப் பார்க்கலாம்: பைட், ஃபைட், கைட், நைட், ரைட், டைட். பிறகு இரட்டை மெய்கள்: ப்ரைட், ஃப்ளைட். நடுவில் பொருளில்லாத சொல் வந்தால் குழந்தை சிரிக்கும், சிரிக்கட்டும். வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில், “கண்ணு, பெல், செல், பஸ். இதில் எது சேராது?” என்று கேளுங்கள். ஆங்கிலம் பழகாத குழந்தையிடம் தமிழிலேயே கேட்கலாம்: கல், பல், பூ.

தமிழிலும் தடுமாறினால் முதலில் காதைப் பாருங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. கூப்பிட்டால் திரும்பும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ‘ட்’, ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற மெல்லிய கடைசி ஒலிகள் நழுவும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் இன்னும் மோசம். தறிச் சத்தத்தில் பெரியவர்களுக்கே சொல்லின் முனை கேட்காது. கேட்கும் அளவைப் பார்க்கும் ஆடியோமெட்ரி, நடுக்காதைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி இரண்டும் வலிக்காத பரிசோதனைகள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம். 2013இல் தொடங்கிய அந்தத் திட்டம் 18 வயதுவரை செவித்திறனையும் கவனிக்கிறது.

காது நன்றாக இருந்து, இரண்டாம் வகுப்பிலும் ஒலியும் எழுத்தும் ஒட்டாமல் இருந்தால் சிறப்புக் கல்வியாளரைப் பாருங்கள். வாசிப்பிலும் எழுத்திலும் தடுமாற வைக்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் அதை நினைவில் வையுங்கள்.

வரும்போது குழந்தை தானாக எழுதிய நோட்டைக் கொண்டு வாருங்கள். ‘லைட்’டுக்கு ‘லெமன்’ என்று எழுதியிருந்தாலும் அழிக்க வேண்டாம். முதல் ஒலி பிடிபட்டிருக்கிறது, கடைசி ஒலிதான் இன்னும் பிடிபடவில்லை என்று அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும்.