வேலை காத்துக் கிடக்கும் இடம்

கோவை பீளமேட்டில் ஒரு சனிக்கிழமை காலை. லீவு நாளில் ஆளில்லாத ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையைக் கேட்டு வாங்கி, மென்பொருள் செய்யும் முறைகளைப் பற்றிப் பேச பதினைந்து பேர் கூடியிருந்தோம். புரோகிராம் எழுதுகிறவர்கள், டெஸ்டிங்கில் இருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர். அன்றைக்கு நடத்த வந்தவர் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. பையிலிருந்து இருபது ஒரு ரூபாய் நாணயங்களை மேசையில் கொட்டி, நான்கு பேரை வரிசையாக உட்காரச் சொன்னார்.

முதல் ஆள் இருபது நாணயங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். இருபதும் முடிந்த பிறகு மொத்தமாக அடுத்தவரிடம் தள்ள வேண்டும். அவரும் அப்படியே. நான்காவது ஆள் முடித்துத் தள்ளினால் அது வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டதாகக் கணக்கு. ஒரு நாணயத்துக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 20 நொடி, மொத்தம் 80 நொடி. வாடிக்கையாளர் கைக்கு முதல் நாணயம் வருவதும் அந்த 80-வது நொடியில்தான்.

அடுத்த சுற்றில் ஐந்து ஐந்தாகத் தள்ளச் சொன்னார். முதல் ஐந்து நாணயங்கள் 20-வது நொடியில் வந்துவிட்டன. எல்லாம் முடிய 35 நொடி. மூன்றாவது சுற்றில் ஒன்று திருப்பியதும் ஒன்று தள்ள வேண்டும். முதல் நாணயம் 4-வது நொடியில் வந்தது, கடைசி நாணயம் 23-வது நொடியில். நிஜத்தில் கை தடுமாறி ஒன்றிரண்டு நொடி முன்னே பின்னே ஆகும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

நாணயம் அதே இருபது. ஆளுக்கு அதே 20 நொடி வேலை. அப்புறம் 80 எப்படி 23 ஆனது? ஆட்களை விட்டுவிட்டு ஒரே ஒரு நாணயத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். முதல் சுற்றில் ஒரு நாணயத்துக்குக் கிடைத்த வேலை ஆளுக்கொரு நொடி வீதம் 4 நொடி. மீதி 76 நொடியும் அது சும்மா கிடந்தது, தன் கூட்டாளி நாணயங்கள் முடிவதற்காக. அஜைல் என்று சொல்லப்படும் மென்பொருள் முறைகளின் அடிப்படை இந்த 76 நொடிதான் என்பது என் கருத்து. ஸ்க்ரம், கான்பன் என்ற முறைகள், ஸ்பிரின்ட் என்ற சில வார வேலைச் சுற்று எல்லாமே அந்தக் காத்திருப்பைக் குறைக்க வந்த ஏற்பாடுகள்.

இதே கணக்கைத் திருப்பூரில் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன், கணக்கு என்று தெரியாமல். பெரியம்மா மகன் அண்ணன் வேலம்பாளையத்தில் பவர் டேபிள், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட், வைத்திருக்கிறார். கட்டிங் மாஸ்டர் வெட்டிய பீஸ்களை எண்ணி, கட்டிங் வேஸ்ட் துணியாலேயே கட்டி, பண்டிலாக அனுப்புவார். ஓவர்லாக் டைலர் ஒரு பண்டில் முழுவதும் தோள் சேர்த்த பிறகு அது அடுத்த மிஷினுக்கு நகரும். கழுத்து, கை, பக்கத் தையல், கடைசியில் பேட்லாக் மிஷினில் அடி மடிப்பு, அப்புறம் செக்கிங். ஓவர்லாக்கில் நூல் இழுவை சரியில்லாமல் தோள் தையல் சுருங்கினால், அது செக்கிங் அக்காவின் கண்ணில் படும்போது பின்னால் நான்கைந்து பண்டில் அதே கோளாறோடு வந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும் பிரித்துத் தைக்க வேண்டும். நாணய விளையாட்டில் முதல் ஆள் ஒரு தப்பு செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இருபதாகத் தள்ளினால் அதே தப்பு இருபது முறை நடந்த பிறகுதான் அடுத்தவர் பார்ப்பார். ஒன்றாகத் தள்ளினால் ஒன்றோடு நிற்கும். வேகத்தைவிட இதுதான் பெரிய லாபம்.

ஆனால் அதே திருப்பூரில் யாரும் மொத்த ஆர்டரையும் தைத்து முடித்த பிறகு ஆர்டர் கொடுத்த பையருக்குக் காட்டுவதில்லை. அளவு பார்க்க ஃபிட் சாம்பிள் போகும், எல்லா சைஸிலும் சைஸ் செட் போகும், பல்க் என்னும் மொத்தத் தையல் ஆரம்பிக்கும் முன் பிபி (ப்ரீ-புரொடக்சன்) சாம்பிள் போகும். கழுத்து அரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பையர் சொன்னால் பேட்டர்னில் திருத்துவார்கள். பனியன் தொழிலில் இது பாலபாடம்.

மென்பொருளில் இது வெகுகாலம் பாலபாடமாக இல்லை. 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கட்டுரை எழுதினார். தேவைகளை எழுதி முடி, வடிவமைத்து முடி, புரோகிராம் எழுதி முடி, கடைசியில் சோதி என்று படிப்படியாக இறங்கும் படம் ஒன்று அதில் இருந்தது. இப்படியே செய்தால் ஆபத்து என்று அவரே அதை ஒட்டி எழுதியிருந்தார். புதிதாகச் செய்யும் பொருளாக இருந்தால் முதலில் சின்னதாக ஒன்று செய்து பார்த்துவிட்டு இரண்டாவதை வாடிக்கையாளருக்குக் கொடு என்பது அவர் சொன்ன பரிகாரங்களில் ஒன்று. சாம்பிள் போடச் சொன்னார் மனிதர்! படத்தை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பக்கங்களை விட்டுவிட்டார்கள். அந்தப் படத்துக்கு ‘வாட்டர்ஃபால்’ என்ற பெயரும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

நான் முதலில் சேர்ந்த இடத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்தோம். ஏழு மாத வேலை. ஏழாவது மாதம்தான் கடையில் கொண்டுபோய் வைத்தோம். பில் போடும் பெண் எங்கள் திரையைப் பார்த்துவிட்டு, “மவுஸ் எதுக்குங்க? நாங்க தொடறதே இல்லீங்க” என்றார். அவர் விரல்கள் எண் விசைகளை விட்டு நகராமல் நிமிடத்துக்கு ஒரு பில் போடும். எங்கள் திரையிலோ பொருளுக்குப் பொருள் மவுஸை எடுக்க வேண்டும். முதல் வாரமே ஒரு திரையைக் காட்டியிருந்தால் அரை நாள் வேலை. ஏழு மாதம் கழித்து அதைத் திருத்த ஆறு வாரம் ஆனது. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் குறை சொல்லவில்லை, வருத்தப்பட்டார்.

இப்படி அடிபட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 பேர் கூடி, ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அறிக்கையை எழுதினார்கள். ‘அஜைல்’ என்ற பெயர் அங்கேதான் நிலைத்தது. பெரிய பெரிய ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருள் மேல் என்பது அதன் நான்கு வரிகளில் ஒன்று. சில வாரங்களுக்கு ஒருமுறை ஓடுகிற ஒன்றை வாடிக்கையாளர் கையில் கொடு என்பதும் அவர்களுடைய கொள்கைதான். ஸ்க்ரம் அதற்கு முன்பே, 1995-ல், பொது அரங்குக்கு வந்துவிட்டது.

சரி, காத்திருப்பு எங்கிருந்து வருகிறது? பண்டில் பெரிதாக இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, எல்லோரையும் எந்நேரமும் வேலையாகவே வைத்திருப்பது. இது கொஞ்சம் உறுத்தும், ஆனால் கணிதம் தெளிவாக இருக்கிறது. டென்மார்க்கில் எர்லாங் என்பவர் 1909-லேயே தொலைபேசி அழைப்புகளை வைத்து இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். உங்கள் டீமில் புரோகிராமைச் சரிபார்க்க ஒரே ஒரு சீனியர் இருக்கிறார், ஒன்றைப் பார்க்க சராசரியாக ஒரு மணி நேரம் என்று வையுங்கள். வேலை வருவதும் முடிவதும் ஒழுங்கில்லாமல் முன்பின்னாக இருக்கும். அவர் நேரத்தில் பாதி மட்டும் நிரம்பியிருந்தால் உங்கள் வேலை அவர் கைக்குப் போக சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பினால் நான்கு மணி நேரம். 90 சதவீதத்தில் ஒன்பது. 95 சதவீதத்தில் பத்தொன்பது மணி நேரம்! கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்ததில் காத்திருப்பு இரட்டிப்பாகிவிட்டது. சாயந்திரம் அவிநாசி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரோடு நிரம்ப நிரம்ப, கொஞ்சம் வண்டி கூடினாலே மொத்தமும் நின்றுவிடும்.

இதோடு சேர்ந்தது 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி. கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு முடியும் வேலைகளால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போக எத்தனை நாள் ஆகும் என்பது கிடைக்கும். டீம் நாளைக்கு இரண்டு முடிக்கிறது, கையில் பத்து இருக்கிறது என்றால் ஐந்து நாள். எல்லாவற்றையும் ‘ஆரம்பிச்சாச்சு’ என்று சொல்வதற்காக முப்பதைத் தொட்டு வைத்தால் பதினைந்து நாள். அதனால்தான், வேலைகளைச் சீட்டில் எழுதி நிலைக்கொரு பத்தியாக ஒட்டும் கான்பன் பலகையில் ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஓர் எண் எழுதுவார்கள். ‘சோதனையில்: 3’ என்றிருந்தால் நான்காவது சீட்டை அங்கே ஒட்டக்கூடாது, போய் அந்த மூன்றில் ஒன்றை முடிக்க உதவ வேண்டும். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ கார் உதிரிபாகங்களுக்காகக் கொண்டுவந்த அட்டை முறையிலிருந்து வந்த பழக்கம் இது. பலகையும் சீட்டும் எல்லா அலுவலகத்திலும் பார்க்கிறேன். அந்த எண்ணைத்தான் பெரும்பாலும் காணோம். எண் இல்லாத பலகை வெறும் பட்டியல்.

பண்டிலைச் சின்னதாக்குவது இவ்வளவு நல்லதென்றால் ஏன் யாரும் செய்வதில்லை? அண்ணனைக் கேட்டால் நூலைக் காட்டுவார். கலர் மாறினால் ஓவர்லாக்கில் எல்லா நூலையும் மாற்ற வேண்டும். ஊசி, லூப்பர் என்று ஒவ்வொன்றாகக் கோத்து முடிக்க நேரம் போகும். அதனால் ஒரே கலரை முடிந்தவரை ஓட்டிவிடுவார்கள். ஆனால் கைதேர்ந்த டைலர் பழைய நூலை வெட்டி, அதன் முனையில் புதுக் கோனின் நூலை முடிச்சுப் போட்டு, மெதுவாக இழுத்துவிடுவார். பழைய நூலே புது நூலை வழி காட்டி லூப்பர் வரை கூட்டிக்கொண்டு போய்விடும். மாற்றும் செலவு குறைந்தால்தான் சின்ன பண்டில் கட்டுப்படியாகும்.

மென்பொருளில் அந்த முடிச்சுக்கு இணையானது தானியங்கிச் சோதனை. புது வெளியீட்டுக்கு முன் மூன்று பேர் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாத் திரையையும் கையால் சோதிக்க வேண்டுமென்றால் யாரும் வாராவாரம் வெளியிட மாட்டார்கள். அதே சோதனைகளைப் புரோகிராமாக எழுதி, யார் எதைச் சேர்த்தாலும் பத்து நிமிடத்தில் ஓடி முடியும்படி வைத்தால் தினமும் வெளியிடலாம். இதை விட்டுவிட்டு, ஸ்க்ரம் வழக்கப்படி காலையில் பதினைந்து நிமிடம் நின்றுகொண்டு பேசுவதை மட்டும் கடைப்பிடிக்கும் டீம்கள் நிறைய. கால் வலிதான் மிச்சம்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது அலுவலகப் பயிற்சியைவிட இந்தச் சனிக்கிழமைக் கூட்டங்களில்தான். அவற்றின் அமைப்பும் அதே விதியில்தான் ஓடுகிறது. நாங்கள் பெரும்பாலும் நடத்துவது ‘லீன் காஃபி’. 2009-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய முறை. வருகிறவர்கள் பேச நினைப்பதைச் சீட்டில் எழுதி ஒட்டுவார்கள், எல்லோரும் புள்ளி வைத்து ஓட்டுப் போடுவார்கள். அதிக புள்ளி வாங்கிய சீட்டு முதலில். எட்டு நிமிடம் ஓடியதும் மணி அடிக்கும். தொடரலாமா வேண்டாமா என்று கட்டைவிரலால் காட்ட வேண்டும். ‘பேச வேண்டியது’, ‘பேசுகிறோம்’, ‘பேசியாச்சு’ என்று மூன்றே பத்தி. நடுப்பத்தியில் எப்போதும் ஒரே சீட்டு.

இன்னொன்று ‘கோட் ரிட்ரீட்’. கணித அறிஞர் கான்வேயின் உயிர் விளையாட்டு என்ற சின்னக் கணக்கை இருவர் இருவராக உட்கார்ந்து 45 நிமிடம் எழுத வேண்டும். நேரம் முடிந்ததும் எழுதியதை அழித்துவிட்டு, ஜோடி மாற்றி மறுபடி முதலிலிருந்து. முதல் தடவை அழிக்கும்போது மனசு கேட்காது. நான்காவது தடவை கை தானாக முதலில் சோதனையை எழுதும், அப்புறம்தான் புரோகிராமை. ஒருமுறை ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த மாணவி ஒருவர், எனக்குப் பத்து வருடமாகத் தெரியாத ஒரு குறுக்குவழியைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தார். கூட்டம் கலைந்த பிறகு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாகப் பேச்சு இன்னும் ஒரு மணி நேரம் நீளும்.

போன மாதம் வேலம்பாளையம் போயிருந்தபோது அண்ணனிடம் செக்கிங் மேசையிலேயே இருபது நாணயங்களைப் போட்டுக் காட்டினேன். நான்கு டைலர்களையும் உட்கார வைத்தோம். மூன்றாவது சுற்று முடிந்ததும் அண்ணன் கொஞ்ச நேரம் நாணயங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இங்க எல்லாருக்கும் பீஸ் ரேட்டு. பண்டில் கட்டித்தான் யாரு எத்தனை தெச்சாங்கன்னு கணக்கு எழுதறோம். ஒவ்வொண்ணா நகத்துனா கூலிக் கணக்கு எப்படி எழுதறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் டீமிலும் ஆளுக்கு எத்தனை வேலை முடித்தார்கள் என்று எண்ணித்தான் வருடக் கடைசியில் மதிப்பெண் போடுகிறார்கள். அண்ணன் கேட்டதை அப்படியே ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த சனிக்கிழமைக்கு.