தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் மின்சாரம்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ், இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ். பிறகு எதற்கு மதுரைப் பக்கம் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி, கடலைக் கடந்ததும் மறுபடி மாறுதிசையாக்க வேண்டும்? தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாக இல்லையா?" 2025 ஏப்ரலில் இரு அரசுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட, இரு நாட்டு மின்வலைகளையும் கோக்கும் இணைப்பைப் பற்றிய கேள்வி இது. மாறுதிசை என்பது ஏசி, நொடிக்கு 50 அலை (50 ஹெர்ட்ஸ்) என்று திசை மாறி மாறிப் பாய்வது; நேர்திசை என்பது டிசி, ஒரே திசையில் பாய்வது.

கேபிள்தான் காரணம் என்று சட்டெனச் சொல்லிவிடலாம். கடலடிக் கேபிள் ஒரு நீளமான மின்தேக்கி. மாறுதிசை மின்சாரத்தில் அது நொடிக்கு நூறு முறை நிரம்பி வடிய வேண்டும். நீளம் கூடக் கூட, கேபிளை நிரப்புவதற்கே மின்னோட்டம் தீர்ந்துபோகும். எல்லாம் சரி, ஆனால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். அவ்வளவு தூரத்தை மாறுதிசையே தாங்கும். வங்கதேசத்தின் பேராமாராவில் கடலே இல்லை. மேற்கு வங்கத்திலிருந்து நிலத்தின் மேல் வரும் மாறுதிசை மின்சாரம், 2013 முதல் அங்கே ஒரே நிலையத்துக்குள் நேர்திசையாகி, அங்கேயே மீண்டும் மாறுதிசையாகி வெளியேறுகிறது. வாசகரின் மூக்குக் கதை அதைவிடப் பொருத்தமாக எங்கும் அமையாது. ஆக, உண்மையான காரணம் கேபிள் அல்ல, தாளம்.

ஒரு நாட்டின் மின்வலையில் சுழலும் ஜெனரேட்டர்கள் எல்லாம், தேர் வடத்தைப் பிடித்த கைகள்போல, ஒரே தாளத்தில் இழுக்கின்றன. தூத்துக்குடியில் சுழல்வதும் பஞ்சாபில் சுழல்வதும் ஒரே வேகம். அப்படியானால் மின்சாரம் எந்தப் பக்கம் பாயும்? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இரண்டு சக்கரங்களை ஒரு ரப்பர் அச்சால் இணைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. ஆனால் ஒன்று மற்றதைவிடச் சில பாகை முன்னால் நிற்கிறது. ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கின் வழியாகத்தான் முந்திய சக்கரம் பிந்திய சக்கரத்துக்கு ஆற்றலைத் தருகிறது. கோணம் கூடினால் பாய்ச்சல் கூடும், 90 பாகை வரை. அதைத் தாண்டினால் முறுக்கு வழுக்கும், தாளம் கெடும், பாதுகாப்புச் சாதனங்கள் இணைப்பைத் துண்டிக்கும். நாம் பொத்தானை அழுத்தி "இத்தனை மெகாவாட் போ" என்று சொல்ல முடியாது. கோணம் சொல்வதைத்தான் மின்சாரம் கேட்கும்.

இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதம் 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. இலங்கையின் உச்சம் 3,000ஐக்கூட எட்டவில்லை. கப்பலின் பக்கத்தில் கட்டுமரத்தை நூல் கயிற்றால் கட்டியதுபோல, பெரிய வலையின் சின்ன அசைவும் மெல்லிய இணைப்பை வழுக்கச் செய்துவிடும். நேர்திசை மின்சாரத்துக்குத் தாளமே இல்லை. இரு கிணறுகளுக்கு நடுவே மோட்டார் வைத்து நீர் மாற்றுவதுபோல, 300 மெகாவாட் வேண்டுமென்றால் 300தான். திசையைத் திருப்ப வேண்டுமென்றால் திருப்பலாம். இந்த மாயத்தைச் செய்பவை அரைக்கடத்தி வால்வுகள், அதாவது மின்னோட்டத்தை நினைத்த கணத்தில் திறந்துவிடும் மின்னணுச் சுவிட்சுகள். ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பத்தில் ஒரு பங்காவது நம் கல்லூரிகளில் இவற்றைச் செய்து பார்க்கும் ஆய்வகங்களுக்குக் கிடைக்கக் கூடாதா என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

2025 பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாக அமைச்சர் சொன்னார். அனுமன் கதையைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. குரங்கு வெறும் பொறிதான். விடுமுறை நாளின் பகல். தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம். சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. ஆகவே தடுமாற்றத்தைச் சில நொடி தாங்கும் நிலைமமும் இல்லை. விந்தை என்னவென்றால், ரஷ்ய வலையிலிருந்து முந்தைய நாள் அறுத்துக்கொண்டு தனியே நின்ற எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும், போலந்து வழியாக ஐரோப்பிய வலையின் தாளத்தில் சேர்ந்ததும் அதே பிப்ரவரி 9இல்தான்.

கேபிள் இருந்திருந்தால் இலங்கை தப்பியிருக்குமா? நேர்திசை இணைப்பு தானாக நிலைமத்தைத் தராது. ஆனால் அதன் கட்டுப்பாட்டை அதற்கென வடிவமைத்தால், நொடிக்கும் குறைவான நேரத்தில் கை கொடுக்கும். அதே நேரம், பாதி நாட்டைத் தாங்கும் கேபிள் ஒரு நாள் அறுந்தால் அது குரங்கைவிடப் பெரிய அடி.

காற்றையும் வெயிலையும் பங்குபோட இப்படிப்பட்ட இணைப்பு எவ்வளவு உதவும் என்பதற்கு டென்மார்க்கும் நார்வேயும் பழைய சாட்சி. 1970களிலிருந்தே ஸ்காகெராக் கடலடியில் அவற்றுக்கிடையே நேர்திசைக் கேபிள் உண்டு. பின்னர் அதன் திறன் 1,700 மெகாவாட்டாக வளர்ந்தது. டென்மார்க்கில் காற்று வீசினால் நார்வே தன் அணைகளை மூடி நீரைச் சேமிக்கிறது; காற்று ஓய்ந்தால் மதகைத் திறக்கிறது. கேபிளோடு ஐரோப்பாவின் விலையும் வந்துவிட்டது என்று தெற்கு நார்வேக்காரர்கள் குமுறுவதும் உண்டு.

அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. குமரிப் பக்கத்து முப்பந்தலிலும் இலங்கையின் மன்னாரிலும் காற்றாலைகளைச் சுழற்றுவது பெரும்பாலும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்று. ஆடியில் இரு கரையிலும் மின்சாரம் மிஞ்சும், காற்று ஓய்ந்தால் இரு கரையிலும் குறையும். மாறுபட்ட சரக்கு இலங்கையின் மலைநாட்டு நீர்த்தேக்கங்களில்தான் இருக்கிறது. விக்டோரியா அணையின் நீர் மின்சாரத்துக்கு மட்டுமல்ல, மகாவலி வயல்களுக்கும் போக வேண்டும். ஆகவே மதகை எப்போது திறப்பது என்று மின்பொறியாளர்கள் கமக்காரர்களையும் கேட்டாக வேண்டும்.